புது வெர்ஷனுக்கு மாறும்போது பழைய பாட்டு எங்கே போகிறது?

ரோஜா படத்தின் நாயகிக்கு எந்த ஊர் என்று கேட்டால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள்: சுந்தரபாண்டியபுரம். தென்காசிக்குப் பக்கத்தில், சைக்கிளிலேயே போய்வரக்கூடிய தூரம். சுற்றிலும் வயல், குளம், மேற்கே மலை. சூரியகாந்தி பூக்கிற மாதங்களில் கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

1992 ஆகஸ்ட் 15-இல் வெளிவந்த அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. திரையில் தெரிந்தது எங்கள் பக்கத்துக் கிராமம். காதில் விழுந்ததோ, கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டை ஒட்டிய சின்ன ஸ்டூடியோவில் கீபோர்டும் கணினியுமாக உட்கார்ந்து செய்த இசை. ஏ.ஆர்.ரஹ்மான் அந்த ஸ்டூடியோவை 1989-லேயே கட்டிவிட்டார். பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்று பெயர். தமிழ்ப் பாட்டு கணினிக்குள் குடிபோன கதையைச் சொல்ல ரோஜா நல்ல மைல்கல், ஆனால் கதை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. இன்னும் முடியவும் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு தம்பி. தென்காசிப் பக்கம் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கொடை விழாவுக்குச் சாமி பாட்டு, வில்லுப்பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு, இதுதான் தொழில். "அண்ணாச்சி, சாஃப்ட்வேர் புது வெர்ஷன் வந்திருக்கு. மாறலாம்னு பார்க்கேன். ஆனா பழைய கம்ப்யூட்டர்ல பதினஞ்சு வருசத்து வில்லுப்பாட்டு கெடக்கு. பாடினவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்ல. மாறினா அது தொறக்குமா?" என்று கேட்டார். தொழில்நுட்பக் கேள்வி மாதிரித்தான் இருந்தது. தேடித் தேடிப் படித்ததில் இது வரலாற்றுக் கேள்வி என்று பட்டது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஹாலில் இருந்து அறைக்கு

எழுபதுகள் வரை சினிமாப் பாட்டு என்றால் ஒரு பெரிய ஹால். வயலின்காரர்கள், தபலா, புல்லாங்குழல், கூடவே பாடகர், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலில் இருந்து. பிறகு ட்ராக் எண்ணிக்கை கூடியது. வாத்தியத்தை ஒரு நாளும் குரலை இன்னொரு நாளும் பதியலாம் என்று ஆனது. இருந்தாலும் வாசிக்க மனிதர்கள் வேண்டும்.

1983-இல் உலகம் ஒரு சின்ன ஒப்பந்தத்துக்கு வந்தது. வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது மொழி. அதற்கு மிடி என்று பெயர். அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்க வாத்தியக் கண்காட்சியில், ஒரு அமெரிக்க கம்பெனியின் கீபோர்டையும் ஜப்பானின் ரோலண்ட் கீபோர்டையும் கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் கட்டையை அழுத்தினால் இன்னொன்றும் சேர்ந்து ஒலித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1985-இல், அடாரி எஸ்.டி. என்ற கணினி மிடி துவாரத்தை உடம்பிலேயே வைத்து வந்தது. இசைக்காரர்கள் கணினி வாங்க அதுவே காரணமாயிற்று.

தமிழ்நாடு இதில் ரொம்பப் பின்தங்கி இல்லை. 1986-இல் வந்த விக்ரம், புன்னகை மன்னன் இரண்டு படங்களிலும் இளையராஜா கணினி வழி இசையைப் பயன்படுத்தினார். மிடி பிறந்து மூன்றே வருஷம்! அப்போது தென்காசியில் கணினியை நேரில் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாட்டு மட்டும் டீக்கடை ஸ்பீக்கர் வழியாக முதலில் வந்து சேர்ந்தது.

1989-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் க்யூபேஸை வெளியிட்டது. 1991-இல் ப்ரோ டூல்ஸ் வந்தது. முதல் ப்ரோ டூல்ஸில் நான்கே ட்ராக், விலை சுமார் 6,000 டாலர். இன்றைக்குக் கைபேசியில் இலவசமாகக் கிடைக்கிற செயலி அதைவிட அதிகம் செய்யும். 1996-இல் க்யூபேஸ் வி.எஸ்.டி. என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எதிரொலி போன்ற வேலைகளுக்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டாம், கணினிக்குள்ளேயே மென்பொருளாகச் சொருகிக்கொள்ளலாம். 1999-இல் வாத்தியங்களே அப்படிச் சொருகக் கூடியவை ஆகிவிட்டன. ஹால் முழுவதும் ஒரு மேசைக்குள் அடங்கிவிட்டது.

அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? சென்னையில் நாற்பது வயலின் வாசித்த இடத்தில் ஒரு கீபோர்டு வாசித்தது. கால்ஷீட் குறைந்தது. பலர் மேடைக் கச்சேரிக்கும், டியூஷனுக்கும், வேறு தொழிலுக்கும் போனார்கள். அதே கணினிதான் எங்கள் ஊர் மாதிரி இடத்தில், சென்னைக்கு ரயில் ஏற வசதியில்லாத ஒரு வில்லுப்பாட்டுக்காரருக்கு முதல் ஒலிப்பதிவைக் கொடுத்தது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லணும்.

மாற்றத்தின் விலை

புது வெர்ஷன் என்பதைப் புதுச் சட்டை மாதிரி நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வீடு மாறுவது மாதிரி. சில சாமான் புது வீட்டுக் கதவில் நுழையாது.

உதாரணத்துக்கு லாஜிக். 1993-இல் எமாஜிக் என்ற ஜெர்மன் நிறுவனம் வெளியிட்டது. மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடியது. 2002 ஜூலையில் ஆப்பிள் எமாஜிக்கை வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரோடு விண்டோஸ் லாஜிக்குக்கு மூடுவிழா. விண்டோஸில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு இரண்டே வழி: கணினியை மாற்று, அல்லது மென்பொருளை மாற்று. 2013-இல் வந்த லாஜிக் ப்ரோ எக்ஸ், பழைய 32 பிட் சொருகு மென்பொருள்களை ஏற்கவில்லை. 2019-இல் வந்த மேக் கேட்டலினா 32 பிட் செயலிகளையே மொத்தமாகக் கைவிட்டது. அடுத்த ஆண்டு மேக்கின் சிப்பே மாறியது.

க்யூபேஸ் கதையும் வேறு மாதிரி இல்லை. பல ஆண்டுகள் கணினியில் ஒரு சின்ன யு.எஸ்.பி. சாவியைச் சொருகினால்தான் க்யூபேஸ் திறக்கும். அந்தச் சாவி தொலைந்தால் மென்பொருளே தொலைந்த மாதிரி. 2022-இல் வந்த க்யூபேஸ் 12-தான் சாவி வேண்டாம் என்றது. நல்ல காரியம். ஆனால் தொண்ணூறுகளில் அதே பெயரில் சேமித்த பாட்டுக் கோப்புகளை இன்றைய க்யூபேஸ் நேரடியாகத் திறக்காது. நடுவில் வந்த ஏதோ ஒரு பழைய பதிப்பில் திறந்து, மாற்றிச் சேமித்து, அப்புறம் கொண்டுவர வேண்டும். அந்தப் பழைய பதிப்பு ஓட பழைய விண்டோஸ் வேண்டும். அது ஓட பழைய கணினி வேண்டும்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மென்பொருள் செய்கிறவர்கள் முன்னாலே பார்த்துத்தான் நடக்க முடியும். பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டிய வேலை நம்முடையது.

குறவஞ்சிக்கு நடந்தது

இந்த இடத்தில் குற்றாலத்துக்குள் கொஞ்சம் நுழைந்துவிட்டு வருவோம். திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரர். 18-ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி ஆடிப் பாடுவதற்கென்றே எழுதியது. மதுரை நாயக்க மன்னர் இதற்குப் பரிசாகக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர்.

பதிப்பைப் புரட்டிப் பாருங்கள். பாட்டுகளின் தலைப்பில் ராகம் இன்னது, தாளம் இன்னது என்று இருக்கும். வார்த்தை முழுசாக இருக்கிறது. ராகப் பெயர் இருக்கிறது. தாளப் பெயர் இருக்கிறது. கவிராயர் காலத்தில் அது எப்படிக் காதில் விழுந்தது என்பது மட்டும் ஏட்டில் இல்லை. 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் இதை நாட்டிய நாடகமாக மேடையேற்றியபோது, வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைக்க வேண்டியிருந்தது. அழகான வேலை. ஆனால் அது 1944-இன் இசை.

ஒரு மிடி கோப்பு கிட்டத்தட்ட இந்த ஏடு மாதிரிதான். எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம், இவ்வளவுதான் அதில் இருக்கும். ஒலி இருக்காது. ஒலி இருப்பது கீபோர்டிலோ சொருகு மென்பொருளிலோ. புது வெர்ஷனில் அந்த மென்பொருள் ஓடாவிட்டால் கையில் மிஞ்சுவது ராகப் பெயரும் தாளப் பெயரும்தான். வேறு ஒலியை வைத்து வாசிக்க வைக்கலாம், பாட்டும் வரும். பழைய பாட்டாக இருக்காது.

ஏட்டுக்கு இன்னொரு பாடமும் உண்டு. ஓலை அரிக்கும் என்று தெரிந்ததால் நம் ஆட்கள் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள். குறவஞ்சியின் வார்த்தை இன்றைக்கு நம் கையில் இருப்பது ஓலையின் உறுதியால் அல்ல, படியெடுத்தவர்களின் உழைப்பால்.

சாரலும் டேப்பும்

எங்கள் ஊருக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு: ஈரம். ஜூனில் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட் வரை துணி காயாது, தீக்குச்சி பற்றாது. ஊரெல்லாம் அருவியில் நிற்கும்போது பீரோவுக்குள் கேசட்டில் பூஞ்சை படர்ந்துகொண்டிருக்கும்.

எழுபது, எண்பதுகளில் வந்த ஸ்டூடியோ டேப்புகள் பலவற்றில் காந்தத் தூளை ஒட்டவைத்த பசை ஈரத்தை உறிஞ்சிக் கொழகொழத்துவிடும். ஓடவிட்டால் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு தூள் உரியும். இதற்கு உலகமெங்கும் ஒரு வினோத வைத்தியம் செய்கிறார்கள்: சுமார் 50 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்காக டேப்பை வைத்து உலர்த்துவது. அப்பளம் காயப்போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். உலர்ந்தபின் சில வாரங்கள் ஓடும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும்.

ஹார்டு டிஸ்க் மட்டும் சாகாவரம் வாங்கி வந்ததா? அதுவும் சும்மா கிடந்தே கெட்டுப்போகும்.

அப்போ மாறலாமா?

மாறலாம். மாறத்தான் வேண்டும் என்பதே என் கருத்து. பழைய கணினியைக் கட்டிக்கொண்டே இருந்தால் அது ஒருநாள் நின்றுவிடும், அன்றைக்கு எல்லாமே போகும். புது மென்பொருளில் லாபமும் உண்டு. லாஜிக் 11, 2024-இல் வந்தபோதே கலந்து பதிந்த ஒரு பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரித்துக் கொடுத்தது. கொடை மேடையில் ஒரே மைக்கில் பதிந்த வில்லுப்பாட்டிலிருந்து குரலைத் தனியே எடுத்துத் துலக்க முடியும் என்பது சின்ன விஷயமா? ஆனால் கவனியுங்கள், உடுக்கையும் குடமும் வில்லில் கட்டிய மணியும் எந்தக் கட்டத்தில் போய் விழும்? அந்த நான்கு பெட்டியும் நம் வாத்தியத்தைப் பார்த்துச் செய்ததில்லை. அதனால் பிரித்ததை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடக் கூடாது.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்.

பழைய கணினி ஓடும்போதே ஒவ்வொரு பாட்டையும் திறந்து, ஒவ்வொரு ட்ராக்கையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தனித்தனி வேவ் கோப்பாக இறக்கிவிடுங்கள். எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கினால் எந்த மென்பொருளில் போட்டாலும் வரிசையாக நிற்கும். மிடியில் செய்த வாத்தியங்களையும் ஒலியாக மாற்றி இறக்குங்கள், மிடி கோப்பையும் கூடவே வையுங்கள். பாடியவர் பெயர், ஊர், உடன் வாசித்தவர்கள், எந்தக் கோயில் கொடை, எந்த ஆண்டு, இதையெல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி அதே உறையில் போடுங்கள். மூன்று படி எடுங்கள். ஒன்று மலையடிவாரத்து ஈரத்தை விட்டுத் தள்ளி, மதுரையிலோ சென்னையிலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருதரம் திறந்து பாருங்கள். இதெல்லாம் முடிந்தபிறகு புது வெர்ஷன்.

"இவ்ளோ வேலைக்கு யார் அண்ணாச்சி காசு தருவா?" என்றார். நியாயமான கேள்வி. யாரும் தரப்போவதில்லை. தினம் இரண்டு பாட்டு என்று கணக்கு வைத்து ஆரம்பித்திருக்கிறார். அவர் முதலில் இறக்கியது ஒரு சுடலைமாடன் கதை. பாடிய பாட்டையாவின் பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தாத்தாவின் குரலைக் கேட்டுவிட்டு, நடுவில் அவர் இருமுகிற இடத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஸ்டூடியோ, ஒரு பழைய கணினி இருக்கும். சாரல் தொடங்குவதற்குள் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.