ஆழம் கண்ட ஆசிரியர்

மலையின் உயரத்தை அளந்த மாந்தன், நீருக்குள் தன் உடல் தாங்கும் எல்லையை அறிய உயிரையே ஈடு வைத்தான். மெக்சிகோ நாட்டின் தமௌலிபாஸ் மாநிலத்திலுள்ள சகத்தோன் அதற்கு ஒரு களம். சுண்ணாம்புப் பாறை கரைந்து உருவான இந்நீர்க்குழி 300 மீட்டருக்கும் மேல் ஆழமுடையது.

ஷெக் எக்ஸ்லி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கணித ஆசிரியராக விளங்கியவர். குகை நீரில் மாண்டோரின் விபத்துகளை ஆராய்ந்து, 1979இல் நூலொன்று வெளியிட்டார். வாயில்வரை அறாத வழிக்கயிறு வேண்டும். மூச்சுக்காற்றில் மூன்றில் இரு பங்கை மீள்வதற்கு ஒதுக்க வேண்டும். அளவு மீறிய ஆழம் செல்லலாகாது. இவையே அந்நூல் வலியுறுத்திய நெறிகள்.

1994 ஏப்ரல் 6ஆம் நாள் எக்ஸ்லியும் ஜிம் பௌடனும் தனித்தனிக் கயிறுகளைப் பற்றிச் சகத்தோனில் இறங்கினர். நீரில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அவ்வழுத்தத்தில் நைட்ரஜன் அறிவை மயக்கும். ஆதலின் ஹீலியம் கலந்த வளியையே இருவரும் சுவாசித்தனர். பௌடன் 282 மீட்டர் ஆழம் எய்தி, பல மணி நேரம் படிப்படியாக மேலேறி உயிர் தப்பினார். எக்ஸ்லி மீளவில்லை. மூன்று நாட்களுக்குப் பின்னர் கயிற்றை இழுத்தபோது அவர் உடலே வந்தது. உடனிருந்த கருவி 268 மீட்டரைக் காட்டியது. இறப்பின் காரணம் உறுதியாகத் துலங்கவில்லை.

2007இல் ஆளில்லாத் தானியங்கிக் கருவியொன்று அக்குழியின் அடித்தளத்தை அளந்து காட்டிற்று. உயிரை ஈடு வைத்துத் தேடியதைப் பொறி எளிதில் கண்டது. எனினும் எக்ஸ்லியின் புகழ் அவர் தொட்ட ஆழத்தில் இல்லை. அவர் எழுதிய நெறிகள் இன்றும் குகை நீரில் இறங்குவோர்க்கு முதற்பாடமாக விளங்குகின்றன. ஆசிரியர் மறைந்தார், பாடம் நின்றது.