இரண்டாம் முறை கப்பலேறியவர்

புனித அருளானந்தர் என்றதும் நம் நினைவு நேரே ஓரியூருக்குத்தான் ஓடுகிறது. 1693 பிப்ரவரி 4, வீசிய வாள், பாம்பாற்றங்கரைச் செம்மண் ஆகியவையே கண்முன் நிற்கின்றன. அந்த வீரச்சாவின் பெருமை எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் அதைவிடக் கடினமான முடிவை அவர் மூன்றாண்டுகளுக்கு முன்பே, லிஸ்பன் நகரில் எடுத்துவிட்டார் என்பதே என் கருத்து. 1690இல் அவர் மறுபடியும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

முதல் வருகை வேறு வகை. 1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் அரண்மனையில் வளர்ந்தவர். பின்னாளில் போர்ச்சுகல் மன்னரான இரண்டாம் பெத்ரோவின் சிறுவயதுத் தோழர். இயேசு சபையில் சேர்ந்து, தாயார் தடுத்தும் கேளாமல், 1673இல் புறப்பட்டபோது அவருக்கு வயது 26. காணாத நாட்டின் மீதும் சவேரியாரின் வழி மீதும் இளமைக்கு இயல்பான பேராவல் அவரை இழுத்தது. மறு ஆண்டே மதுரை மிஷனுக்கு வந்து, காவியுடுத்தி, புலால் நீக்கி, பண்டாரசாமியாக ஊர் ஊராய் நடந்தார்.

1686இல் மறவர் நாட்டு மங்கலத்தில் பிடிபட்டார். உபதேசியார்களோடு சேர்த்து அவருக்கும் சாட்டையடி விழுந்தது. தண்ணீரில் அமுக்கினார்கள், வெயிலில் கொதிக்கும் பாறையில் கிடத்தினார்கள். கடைசியில் மறவர் நாட்டு அரசர் கிழவன் சேதுபதி அவரை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து விசாரித்து, இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவித்தார். புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சேதுபதி அயலாரல்லர். நம் தொண்டைமான் மரபின் முதல் அரசர் இரகுநாதத் தொண்டைமானின் தங்கை காதலியை மணந்தவர் அவர். நம் சமஸ்தானம் வேர் பிடித்ததும் அருளானந்தர் மங்கலத்தில் அடிபட்டதும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். மறவர் சீமையின் அரசியலை நம் ஊர் வரலாற்றிலிருந்து பிரித்துப் படிக்க இயலாது.

விடுதலையானவரை மிஷனின் காரியங்களைப் பேசுவதற்காக மேலதிகாரிகள் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687இல் லிஸ்பன் அவரை வெற்றி வீரரைப் போல வரவேற்றது. மன்னர் பழைய தோழரை விட மனமின்றி, இளவரசருக்கு ஆசிரியராக இருத்திக்கொள்ள விரும்பினார். அவரோ அரண்மனை நகரிலும் மதுரை மிஷனின் எளிய மரக்கறி உணவையே உண்டார், தரையிலேயே படுத்தார். இந்தச் சிறு செய்தியில்தான் அவருடைய முழு மனமும் எனக்குத் தெரிகிறது. இடம் மாறியும் அவர் வாழ்வு மாறவில்லை.

திரும்பி வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. தங்கிவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடியின் வலியை உடம்பு அறியும். மீண்டும் சிக்கினால் உயிர் மிஞ்சாது என்பதும் தெரியும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் பல மாதக் கடற்பயணத்தில் எத்தனையோ பேர் நோயில் மடிவதை முன்பே பார்த்தவர். அறியாத ஆபத்துக்குத் துணிவது ஒன்று, அறிந்த ஆபத்துக்கே திரும்பி வருவது வேறு. பின்னதைத்தான் நான் பெரிதென்று சொல்வேன்.

1691இல் மறுபடி மறவர் நாடு. தீராத நோய் குணமாகக் கண்ட மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் இசைந்து, 1693 ஜனவரியில் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் முறையீடு அரண்மனையை எட்டியது. இதை வெறும் மதப் பகை என்று எழுதிவிடுவது எளிது; நியாயமாகாது. வாழ்விழந்த அந்தப் பெண்ணின் துயரையும், தடியத்தேவர் ஆட்சியுரிமைக்குப் போட்டியாகலாம் என்ற அரசரின் அச்சத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அருளானந்தர் மறுபடியும் பிடிபட்டார். அவரை அடைத்த ஓரியூர்ச் சிறையில் மையும் எழுதுகோலும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு துரும்பால் தொட்டுத் தொட்டு, சாவதற்கு முந்தைய நாள் உடன் உழைத்த குருக்களுக்குக் கடிதம் எழுதினார். 1947இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

திரும்பி வந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். நம் மாவட்டத்து ஆவூரில் முதல் கோயில் எழுப்பிய பெரிய சஞ்சீவிநாதர் என்ற பூஷே அடிகளார், 1688 புரட்சிக்குப் பின் சயாமிலிருந்து வெளியேறி இந்தியா வந்தவர். பின்னர் மிஷன் வழக்கங்கள் குறித்த வழக்கைப் பேச ரோமாபுரி சென்றார். அங்கேயே தங்கிவிடாமல் திரும்பி வந்து, 1732இல் புதுச்சேரியில் காலமானார். வீரமாமுனிவரும் பணியாற்றிய ஆவூர் கோயிலுக்கு இன்று செல்வோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்று காற்று திசை மாறியிருக்கிறது. நம் பகுதிப் பிள்ளைகள் குருக்களாகவும் கன்னியராகவும் ஆப்பிரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் போகிறார்கள். சில ஆண்டுகளுக்கொரு முறை விடுமுறையில் வருகிறார்கள். பெற்றோர் மூப்படைந்திருப்பார்கள், வீட்டில் அழுகை இருக்கும். அப்போது ஊரார், “போதும் சாமி, இங்கேயே ஒரு பங்கு வாங்கிக்கிட்டு இருந்துடுங்க” என்கிறோம். பாசத்தில் வரும் சொல்தான்; போகிறவருக்கு அது பாரம். அதற்குப் பதிலாக அங்குள்ள மக்களைப் பற்றிக் கேளுங்கள். வயதான தாய் தந்தையரைப் பங்கு பார்த்துக்கொள்ளும் என்று உறுதி கொடுங்கள். அந்தப் பிள்ளைகளை மனநிறைவோடு வழியனுப்பி வையுங்கள்.