குவிமாடத்துக்கு முன்னால் ஒரு வடிகால்

கிள்ளான் ஆற்றோரம் – 14

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகிற முனையில் ஜாமெக் பள்ளிவாசல் திறக்கப்பட்டது 1909 டிசம்பரில். செங்கல் ஒரு வரி, வெள்ளைப் பூச்சு ஒரு வரி என்று மாறி மாறி ஓடும் சுவர்கள், வளைவுகள், குவிமாடங்கள், கரையோரத் தென்னைகள். கோலாலம்பூரைப் படம் பிடிக்க வருகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

அதே 1909இல், ஆற்றோடு கீழே இறங்கினால் வரும் கிள்ளான் பட்டணத்தில் ஓர் அரசாங்க அலுவலகம் எழுந்தது. கோடு போட்ட சுவர் கிடையாது, முகலாய வளைவு கிடையாது. வெள்ளை வெளேரென்று, தூண் நிறுத்தி, பழைய ஐரோப்பியப் பாணியில் கட்டினார்கள். நில அலுவலகமாகவும் மாவட்ட அலுவலகமாகவும் இருந்த சுல்தான் சுலைமான் கட்டடம்தான் இன்று சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகம்.

இரண்டையும் வரைந்தவர் ஒரே ஆள், ஆர்தர் பெனிசன் ஹப்பேக். அடுத்த ஆண்டு திறந்த கோலாலம்பூர் ரயில் நிலையமும் அவர் கைவேலை. ஆளுக்கும் ஊருக்கும் தக்கபடி பாணி மாற்றத் தெரிந்த மனிதர். இந்தப் பள்ளத்தாக்கின் அழகைப் பற்றிப் பேச்சு வந்தால் ஹப்பேக் பெயரோடு தொடங்கி ஹப்பேக் பெயரோடு முடித்துவிடுவது வழக்கம். இந்த வாரம் நான் அதற்கு உடன்படப் போவதில்லை. ஹப்பேக் வந்து குவிமாடம் வைப்பதற்கு முன்பே இந்த ஊர்களின் உருவத்தை முடிவுசெய்த வேலைகள் நடந்து முடிந்திருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் நின்று படம் பிடிப்பதில்லை.

1880இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைமை கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. கடலை ஒட்டிய பழைய பட்டணத்தை விட்டுவிட்டு அரசாங்கம் ஈயச் சுரங்கக்காரர்களின் சந்தைக்குக் குடிபோனது. காரணம் ஈயம்தான், வேறு எதுவுமில்லை. போன இடமோ மரப்பலகையும் அத்தாப்புக் கூரையுமாக நெருக்கியடித்து நின்ற குடிசைக் கூட்டம். 1881 ஜனவரியில் ஒரு தீ ஊரைத் தின்றது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்து, மிச்சம் இருந்ததையும் திரும்பக் கட்டியதையும் சேர்த்து அடித்தது. சீனக் கப்பித்தான் யாப் ஆ லோய் மறுபடி கட்டினார். மறுபடியும் பலகை, மறுபடியும் அத்தாப்பு.

1882இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் கட்டடக் கலைஞர் யாரையும் தேடிப் போகவில்லை. அவர் போட்டது ஒரு விதி. சுவர் செங்கல், கூரை ஓடு, தெரு அகலம் என்ற மூன்றும் கட்டாயம். தெருத் தெருவாகப் பழையதை இடித்துப் புதியதைக் கட்டச் சொன்னார். 1887க்குள் 500க்கும் மேற்பட்ட செங்கல் வீடுகள் எழுந்துவிட்டன. இத்தனைக்கும் செங்கல் வேண்டுமே? ஊருக்குத் தெற்கே களிமண் கிடைத்த வெளியில் யாப் ஆ லோய் சூளை போட்டார். அந்தச் சூளைவெளிதான் பிரிக்பீல்ட்ஸ். இன்று நாம் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மல்லிகைப் பூவுக்கும் போகிற இடத்தின் மண்ணை வெட்டித்தான் பழைய கோலாலம்பூரைச் சுட்டார்கள்.

விதியில் இன்னொரு பகுதியும் இருந்தது. கடைவீட்டின் முன்புறம் ஐந்தடி அகலத்துக்குக் குறையாமல் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும். பக்கத்துக் கடையின் நடைபாதையோடு அது தொடர வேண்டும். 1822இல் சிங்கப்பூருக்காக ராபிள்ஸ் போட்ட ஏற்பாட்டிலிருந்து வந்தது இது. வெயிலில் காயாமல், மழையில் நனையாமல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகலாம். நம்மவர்கள் அதை அஞ்சடி என்றார்கள். சோதிடரும் பூக்கட்டுகிறவரும் முடிவெட்டுகிறவரும் வாடகை கொடுக்காமல் பிழைத்தது அந்த அஞ்சடியில்தான். எல்லாக் கடையும் ஒரே கோட்டில் நிற்கிறது, ஒவ்வொரு முகப்பும் வேறு மாதிரி இருக்கிறது என்று பழைய தெருக்களைப் பார்த்து நாம் வியப்பதற்கும் காரணம் இதே விதி. கோட்டை அரசாங்கம் இழுத்தது, முகப்பை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான நகர விதியை இந்தப் பள்ளத்தாக்கு அப்புறம் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890இல் கன்னாட் பாலம் முடிந்ததும் ரயில் கிள்ளான் பட்டணத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் மண் வெட்டவும் கல் உடைக்கவும் பெருந்தொகையாக வந்தவர்கள் நம் ஆட்கள். மேசை வேலைக்கு வந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் அதிகம். அதற்கு முக்கியக் காரணம் சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர். இலங்கைப் பொதுப்பணித் துறையில் பல ஆண்டு இருந்துவிட்டு 1891இல் சிலாங்கூரின் அரசாங்கப் பொறியாளராக வந்தவர், பின்னர் ரயில்வேயின் பொது மேலாளர். கிராணிமாரையும் நிலமளப்போரையும் தனக்குப் பழகிய இலங்கையிலிருந்தே அவர் வரவழைத்துக்கொண்டார்.

ஸ்பூனரைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் உண்டு. கோலாலம்பூர் பாடாங் திடலின் எதிரே அரசாங்க அலுவலகம் கட்ட ஏ. சி. நார்மன் முதலில் தீட்டிய வரைபடம் ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாணியில் இருந்தது. அதை வேண்டாம் என்று தள்ளி, முகமதியப் பாணியில் வரையச் சொன்னவர் ஸ்பூனர். ஆர். ஏ. ஜே. பிட்வெல் வரைந்தார். 1894இல் அடிக்கல், 1897இல் திறப்பு, 40 லட்சம் செங்கல். அதுதான் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். இந்தப் பாணி சிலாங்கூர் மண்ணில் முளைத்தது அல்ல. கட்டடக் கலைஞர் சிஷோமின் செனட் மண்டபமும் 1892இல் முடிந்த உயர் நீதிமன்றமும் சென்னைக் கடற்கரையை ஒட்டி எழுந்தபோது உருவான இந்தோ சாரசெனிக் பாணி அது. மலாய் மக்களின் பள்ளிவாசல்களோ அதுவரை அடுக்குக் கூரை வைத்த மர வேலைப்பாடுகள். சென்னையில் பார்த்த குவிமாடத்தைக் கோலாலம்பூரிலும் பார்த்து, அட, நம்மூர் மாதிரி இருக்கிறதே என்று நம் தாத்தாக்களில் யாராவது நினைத்திருந்தால் அதில் தவறே இல்லை.

இனி கடலோரத்துக்கு வருவோம்.

கிள்ளான் படகுத்துறை ஆற்றுக்குள்ளே இருந்தது. பெரிய நீராவிக் கப்பல்கள் உள்ளே வரச் சிரமப்பட்டன. ஆகவே முகத்துவாரத்திலேயே புதுத் துறைமுகம் கட்டுவதென்று முடிவானது. 1901 செப்டம்பர் 15 அன்று அது திறக்கப்பட்டது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று சுவெட்டன்ஹாம் பெயரே வைக்கப்பட்டது; இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். வரைபடத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. படகுத்துறை, ரயில் பாதை, கிடங்கு, தொழிலாளர் குடியிருப்பு, எதிலும் குறையில்லை. ஆனால் குடியிருப்பு நின்றது சதுப்பில். கடல் ஏறினால் நீர் உள்ளே வரும், இறங்கினால் குட்டைகளாகத் தேங்கும். திறந்து சில வாரங்களுக்குள் துறைமுகத்து ஆட்கள் காய்ச்சலில் சாய்ந்தார்கள். கப்பலில் மூட்டை இறக்க ஆளில்லை. துறைமுகத்தை மூடிவிட வேண்டியதுதான் என்ற அளவுக்கு நிலைமை போனது.

அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்திருந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து அப்போது நான்கே ஆண்டுகள். வாட்சன் நோயாளிகளின் முகவரியைக் குறித்தார். கிள்ளான் பட்டணத்தில் குன்றுகளின் அடிவாரத்துச் சதுப்பையும் காட்டையும் ஒட்டிய வீடுகளிலிருந்துதான் அதிகம் பேர் வந்தார்கள். மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பதைவிட ஊரைத் திருத்துவது மேல் என்று அவர் கேட்டார், அரசாங்கமும் ஒப்புக்கொண்டது. பட்டணத்தில் காடு வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், வடிகால் வெட்டினார்கள். துறைமுகத்தில் கடல்நீரைத் தடுக்க மண்கரை கட்டி, நீர் இறங்கும்போது மட்டும் உள்நீர் வெளியேறும்படி மதகு வைத்தார்கள்.

பலன் உடனே தெரிந்தது. 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். மறு ஆண்டு 59 பேர். பட்டணத்திலிருந்து மலேரியாவோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1901இல் 334, அடுத்த ஆண்டு 129, அதற்கடுத்த ஆண்டு 48. வடிகால் வெட்டாத சுற்றுப்புறத்தில் இந்த இறக்கம் இல்லை. இப்போது ஹப்பேக்கின் வெள்ளைக் கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். எட்டு ஆண்டு கழித்து அதைக் கட்ட முடிந்ததே, எழுத்தர்கள் உயிரோடு வேலைக்கு வர முடிந்ததே, அந்த மண்கரையாலும் சாக்கடையாலும்தான். 1930களில் லியோபிரிக் கெஸ்டவன் வரைந்த சுல்தான் சுலைமான் பள்ளிவாசல், பெரிய கடைவீதிகள், அரண்மனை என்று கிள்ளான் அரச நகருக்குரிய களை பெற்றதெல்லாம் பிறகு வந்த கதை.

இந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. சமவெளியில் நிழலான தேங்குநீரில் வளரும் கொசுவுக்குக் காட்டை அழித்தது சரியான வைத்தியம். குன்றுப்பாங்கான தோட்டங்களில் இருந்தது வேறு இனம். வெயில் படுகிற தெளிந்த ஓடைதான் அதற்குப் பிடித்த இடம். அங்கே கித்தா நடக் காட்டை வெட்டியதும் காய்ச்சல் குறைவதற்குப் பதில் கூடியது. அந்தக் கணக்கில் போனவர்கள் லயத்தில் கிடந்த தமிழ்க் கூலிகள். ஓடைகளை நிலத்தடிக் குழாயில் விடுவதும் எண்ணெய் தெளிப்பதும் பின்னால்தான் வந்தன. 1924இல் வாட்சனுக்கு சர் பட்டம் கிடைத்தது, தகுதியானதுதான். மதகுக்கு மண் சுமந்தவர்களுக்கு அன்றன்றைய கூலி கிடைத்தது.

நகரத் திட்டம் என்ற பெயரிலேயே ஒரு துறை வந்தது 1921இல், சார்ல்ஸ் ரீட் வந்த பிறகு. நியூசிலாந்துக்காரர், தோட்ட நகரக் கொள்கையில் ஊறியவர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வேலை செய்துவிட்டு வந்தவர். குடியிருப்பு எங்கே, தொழில் எங்கே, பூங்கா எங்கே என்று வரைபடத்தில் பிரித்து வைத்தார். நிலக்காரர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1926இல் வந்த பெருவெள்ளம் கோலாலம்பூரில் ஆற்றையே நேராக்க வைத்தது. அதைத் தனியாக எழுத வேண்டும், அடுத்த வாரம் அதுதான்.

பிரிக்பீல்ட்ஸுக்கு ஒருமுறை திரும்புவோம். ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயில், விவேகானந்தா ஆசிரமம், சிங்களவரின் மகா விகாரை, ரயில்வே ஊழியருக்குக் கட்டிய குவார்ட்டர்ஸ் வரிசைகள் எல்லாம் ஒரே நடைதூரத்துக்குள் வந்தது தற்செயல் இல்லை. ரயில் முற்றம் இங்கே இருந்ததால் ஊழியர் இங்கே குடியிருந்தார்கள், ஊழியர் இருந்ததால் கோயில்கள் வந்தன. அந்த முற்றத்தின் மேல்தான் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்தது. 2010 அக்டோபரில் மலேசியா, இந்தியா இரு நாட்டுப் பிரதமர்களும் வந்து பிரிக்பீல்ட்ஸை லிட்டில் இந்தியா என்று திறந்து வைத்தார்கள்; வளைவுகள் நின்றன, வண்ணம் ஏறியது. விழாக்கால அலங்காரமாக அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வளைவை வைத்துத் தெருவை அழகாக்கிவிட முடியும் என்று சுவெட்டன்ஹாம்கூட நம்பியதில்லை. 2014இல் விவேகானந்தா ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வெளியே வந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள், 2016இல் அது பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நகரத் திட்டம் என்றால் எனக்கு அதுதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பொதுப்பணித் துறையிலோ ரயில்வேயிலோ போர்ட் கிள்ளான் துறைமுகத்திலோ வேலை செய்திருந்தால், அவருடைய சம்பளச் சீட்டு, குவார்ட்டர்ஸ் ரசீது, மண்வெட்டியோடு நிற்கும் ஒரு படம் ஏதாவது பரணில் இருக்கக்கூடும். வீடு மாற்றும்போது தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். ஒரு பிரதி எடுத்து, படத்தின் பின்னால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி, தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவிடம் கொடுங்கள்.

(தொடரும்)