பிள்ளையை உருவி வார்த்த கைகள்

மட்டக்களப்புப் பக்கம் பிள்ளை பிறந்த வீட்டில ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "ஆரு வார்க்கிறது?" வார்க்கிறது எண்டால் சும்மா குளிப்பாட்டுறது இல்லை. மருத்துவிச்சி காலை நீட்டி உட்காருவா. பச்சைப்பிள்ளை அவவின்ர ரெண்டு காலுக்கும் மேல கிடக்கும். எண்ணெய் தடவி, கை கால்களை நீவி, குறுக்கே மடக்கி விரித்து, முதுகை உருவி, தலையை உருட்டி, மூக்கைப் பிடித்து, கடைசியாகத்தான் இளஞ்சூட்டுத் தண்ணீர். கத்தித் தீர்த்த பிள்ளை பால் குடித்து நல்லா நித்திரை கொள்ளும்.

கையால் எலும்பையும் தசையையும் பிடித்துவிடுகிற இந்த வேலைக்கு நெருக்கமான ஒன்றுக்கு மேற்குலகில் பெயர் இருக்கு, பட்டம் இருக்கு, சட்டமும் இருக்கு. அதுதான் ஒஸ்டியோபதி. எங்கட மருத்துவிச்சிக்கு இதில ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டால் ஒரு வரலாறு திறக்குது.

முதலில் அந்தப் பக்கக் கதை. அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் ஒரு அமெரிக்க வைத்தியர். 1864இல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அக்காலத்து மருந்துகளில் அவருக்கிருந்த நம்பிக்கை அதோடு போனது. உடம்பின் எலும்புக்கட்டைச் சரிசெய்தால் நோய் தீரும் என்று 1874இல் அறிவித்தார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் நகரில் பாடசாலை தொடங்கினார். அங்கே படித்த வில்லியம் சதர்லாண்ட், மண்டையோட்டு எலும்புகள் மெல்ல அசைகின்றன, அவற்றைத் தொட்டுச் சரிசெய்யலாம் என்று 1939இல் புத்தகம் போட்டார். பச்சைப்பிள்ளையின் மண்டையோடு இன்னும் பொருந்தாதது. அதனால் இந்த முறை குழந்தைகளிடமும் போனது. 1993இல் பிரித்தானியா ஒஸ்டியோபதிக்காரருக்கென்றே சட்டம் இயற்றியது.

இவ்வளவும் இருந்தும் பலன் நிரூபணமாகிவிட்டதா? வயிற்றுவலியால் ஓயாமல் அழும் குழந்தைகளுக்குக் கைச்சிகிச்சை உதவுமா என்று 2012இல் கொக்ரேன் அமைப்பு ஆராய்ந்தது. 6 ஆய்வுகள், 325 குழந்தைகள். அழுகை குறைந்தது என்று பெற்றோர் சொன்னார்கள். ஆனால் தங்கள் பிள்ளைக்குச் சிகிச்சை நடந்ததா இல்லையா என்று பெரும்பாலான ஆய்வுகளில் பெற்றோருக்குத் தெரிந்திருந்தது. எனவே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே முடிவு. சட்டமும் பட்டமும் கிடைத்ததால் ஒரு முறை உண்மையாகிவிடாது.

இனி எங்கட பக்கம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்ற நூல் தமிழில் வந்தது. ஆனால் அவரிடம் படித்தவர்கள் ஆண்கள். பிள்ளையைக் கையில் ஏந்திய மருத்துவிச்சி அந்த வகுப்பில் இல்லை. 1927இன் மருத்துவக் கட்டளைச் சட்டம் பயிற்சி பெற்ற மருத்துவமாதுகளைப் பதிவு செய்தது. 1961இன் ஆயுர்வேதச் சட்டம் சித்த, யுனானி, சுதேச வைத்தியர்களைப் பதிவு செய்தது. முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியாருக்கு ஒரு பெயர்ப்பலகை கிடைத்தது. ஊர் மருத்துவிச்சி இந்த இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில விழுந்துபோனா.

பெண் என்பது மட்டுமே காரணம் இல்லை. பேற்றுத் தீட்டைத் தொடுகிற வேலை என்று சாதியும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாவிதர் குலப் பெண்களே மருத்துவச்சிகள். 'மருத்துவர்' என்பது அந்தச் சாதியின் பெயராகவே ஆனது. ஆனாலும் மரியாதை வரவில்லை. கையை நம்பி பிள்ளையைக் கொடுத்தவர்கள், அந்தக் கைக்காரியைத் திண்ணையோடு நிறுத்தினார்கள்.

அதுக்காக பழசெல்லாம் பொன் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மலேரியா கொள்ளை கொண்ட 1935இல், இலங்கையில் உயிரோடு பிறந்த 1000 பிள்ளைகளில் 263 பேர் ஒரு வயதுக்குள் செத்துப்போனார்கள். 1946இல் 141. அடுத்த ஆண்டே 101. இன்று 10க்கும் கீழே. எந்த உருவலும் இதைச் செய்யவில்லை. மலேரியா ஒழிப்பு, ஆஸ்பத்திரிகள், தடுப்பூசி, 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவோடு தொடங்கி ஊரூராய் வீடு தேடி வந்த அரச மருத்துவமாது, இவைதான் செய்தன. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் ஆஸ்பத்திரி கிட்ட. படுவான்கரைக்காரருக்கோ மண்முனைப் பாலம் திறந்த 2014 வரை அந்தத் துறையில் பாதைப்படகுதான். இரவில வலி கண்டால் படகா, பக்கத்து வீட்டு மருத்துவிச்சியா? சில ஊர்களில் அந்தக் கைகள் நீண்டகாலம் தேவைப்பட்டது ஆசையால் இல்லை, வழியில்லாததால்.

அந்தக் கைகள் செய்த எல்லாம் சரியுமில்லை. மூக்கில எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் போய் நியூமோனியா வரலாம். தலைகீழாகத் தூக்குவதும் குலுக்குவதும் ஆபத்து. ஆனால் மெதுவாகத் தடவி நீவுவது வேற கதை. 1986இல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டின் குழு, குறைமாதப் பிள்ளைகளை ஒழுங்காகத் தடவி கை கால்களை அசைத்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 47 வீதம் கூடுதலாக எடை ஏறினார்கள்.

பிரெஞ்சு மகப்பேற்று வைத்தியர் லெபோயே, கொல்கத்தாவில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு எண்ணெய் தடவுவதைப் பார்த்து, 1976இல் படங்களோடு ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் தலைப்பு அந்தத் தாயின் பெயர்: 'சாந்தலா'. ஐரோப்பாவில் அந்தப் பெயரைச் சொல்லியே தாய்மார் பிள்ளையை உருவப் பழகினார்கள். எங்கட வாவிக்கரையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வார்த்தெடுத்த ஒருத்தியின் பெயர்கூட நாங்கள் படிக்கிற எந்த வரலாற்றுப் பாடத்திலும் இல்லை.

அவர்களில் எஞ்சியிருப்பவர்களுக்கு இப்ப எண்பது தாண்டியிருக்கும். படுவான்கரைப் பக்கம் அம்மம்மா வீட்டுக்குப் போறாக்கள் போனைக் கையில எடுங்க. "எணேய், உங்களுக்கு இதை ஆரு பழக்கினது? என்ன எண்ணெய்? எத்தனை பிள்ளை?" என்று கேளுங்க. எந்தப் பிள்ளை தவறிப்போனது, ஏன் என்றும் கேளுங்க. அதைச் சொல்ல அவவுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அந்தப் பதிலும் சேர்ந்தால்தான் அது புகழ்ச்சி இல்லாமல் வரலாறாகும்.