வாரியத்தின் வீடும் பஸ்தியின் குழுவும்: ஹைதராபாத் குடியிருப்பு நிர்வாகத்தில் குடியிருப்போரின் இடம்

ஹைதராபாத் நகர மேம்பாட்டு வாரியத்தின் தோற்றம் 1912 என்று கொள்வது பெருவழக்கு. 1908 செப்டம்பர் 28இல் நேர்ந்த மூசி ஆற்று வெள்ளமும் அதையடுத்துப் பரவிய பிளேக் நோயும் அதற்குப் பின்புலம். நெரிசலான பகுதிகளை இடித்த வாரியம், நாம்பள்ளி, மல்லேபள்ளி முதலிய இடங்களில் வீடுகளைக் கட்டியது. 1960இல் இதுவும் செகந்திராபாத் நகர மேம்பாட்டு அறக்கட்டளையும் ஆந்திரப் பிரதேச வீட்டுவசதி வாரியத்துள் அடங்கின.

இவ்வாரியத்தை மிக விரிவான பின்னணியில் வைத்துப் பார்த்தவர் வரலாற்றாசிரியர் எரிக் லூயிஸ் பெவர்லி. பிரிட்டிஷ் இந்திய நகரங்களின் மேம்பாட்டு அறக்கட்டளைகளிலிருந்து ஹைதராபாத் வேறுபட்டது, நிஜாம் மன்னராட்சியின் புரவலர் மரபும் நவீன நலவாழ்வுச் சிந்தனையும் அங்கே கலந்தன என்பது அவருடைய 2015ஆம் ஆண்டு நூல் தரும் சித்திரம். 1898இல் தொடங்கிய பம்பாய் அறக்கட்டளை, தான் இடித்த அளவுக்கு ஏழைகளுக்கு வீடு தரவில்லை என்பதை நோக்க, இவ்வேறுபாடு மறுக்கத்தக்கதன்று. ஆனால் இந்த ஒப்பீட்டின் அளவுகோல் வீடு வழங்கல் மட்டுமே. வாடகையை யார் முடிவு செய்தார், ஒதுக்கீட்டில் யார் சொல் எடுபட்டது, பழுதுக்கு யார் பொறுப்பு என்பவை அதில் அடங்கவில்லை. அரசு அமைத்த வாரியத்துக்கு இளவரசர் முவாஸம் ஜா தலைமை தாங்கினார். குடியிருப்போர் பயனாளிகளாக இருந்தனர். மனு கொடுப்பதும் ஒரு குரல்தான் என்று பெவர்லியின் தரப்பில் வாதிடலாம். மனுவுக்கு இரங்கும் ஆட்சி நல்லாட்சியாகலாம். அதனாலேயே அது குடியிருப்போர் பங்குபெறும் நிர்வாகமாகிவிடாது.

குடியிருப்போர் பங்கேற்பின் திருப்புமுனையை வாரியத்தின் வரலாற்றில் தேடுவதைவிட ஒரு சட்டத்தில் தேடுவது பயன் தரும். 1956ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசச் சட்டத்தின் பெயர் ‘குடிசைப் பகுதி மேம்பாட்டு (நிலம் கையகப்படுத்தல்) சட்டம்’. அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றியதோ ‘குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம்’. ஆந்திரச் சட்டத்தின் தலைப்பு, 1954ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின் தலைப்போடு ஒத்துப்போகிறது. தலைப்பு ஒற்றுமை கொண்டே ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று நிறுவ முடியாது. ஆயினும் பின்விளைவு கருதத்தக்கது. தமிழ்நாடு 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைத்து, 1971இல் அகற்றலையும் உள்ளடக்கிய புதிய சட்டத்துக்கு மாறியது. ஹைதராபாத்தில் பழைய சட்டமே கருவியாக நீடித்தது. நிலம் அரசின் கைக்கு வந்தபின், மக்களை எழுப்பாமலே இருந்த இடத்தில் பட்டா வழங்க அது வழி திறந்தது.

அந்த வழியில் நடந்தது வாரியம் அன்று, மாநகராட்சி. 1967இல் தொடங்கிய நகர்ப்புறச் சமுதாய மேம்பாட்டுத் திட்டம் முதலில் வீடு எதையும் கட்டவில்லை. பஸ்தி (குடிசைப் பகுதி) நலக் குழு, மகிளா மண்டல் (மகளிர் குழு), பால்வாடி, தையல் பயிற்சி ஆகியவையே அதன் பணிகள். 1970களில் யுனிசெப் உதவியோடு அது விரிந்தது. கசின்ஸும் கோய்டரும் 1979இல் எழுதிய நூல் இக்கட்டத்தைப் பதிவு செய்கிறது. 1980களின் தொடக்கத்தில் ‘ஹாபிடாட் ஹைதராபாத்’ முயற்சியில் பட்டா பெற்றோர் ஹட்கோ (அரசு வீட்டுவசதி நிதி நிறுவனம்), வங்கிக் கடன்களுடன் தம் வீட்டைத் தாமே கட்டிக்கொண்டனர். திட்டத்தின் சமுதாய அமைப்பாளர்கள் துணை நின்றனர். 1983 முதல் பிரிட்டிஷ் அரசின் உதவியும் குடிசைப் பகுதி மேம்பாட்டுக்குக் கிடைத்தது.

ஆக, வாரியத்திடம் வீடு இருந்தது, குழு இல்லை. மாநகராட்சித் திட்டத்திடம் குழு இருந்தது, வீடு இல்லை. இரண்டும் பட்டாவின் வழியாகவே கூடின. நிஜாம் கால நலக்கொள்கையின் தொடர்ச்சியாக இதைக் காண்பது கடினம். எனினும் பட்டாவுக்கு முன்பே குழுக்கள் இயங்கியதால், நில உரிமை ஒன்றே காரணம் என்றும் கூற இயலாது. கூடியபின் முடிவெடுக்கும் அதிகாரம் எவ்வளவு குழுவிடம், எவ்வளவு மாநகராட்சி அலுவலரிடம் இருந்தது என்பது பஸ்திக்குப் பஸ்தி தனித்தே ஆராயப்பட வேண்டியது.