மரைக்காயர்

கீழக்கரை, பெரியபட்டினம், காயல்பட்டினம் எனக் கடலோர ஊர்களின் முஸ்லிம்களிடையே வழங்கும் பட்டப்பெயர். பொருளில் சிக்கல் இல்லை: கப்பல் ஓட்டியவர், கப்பல் உடையவர். வேர் எது என்பதில்தான் இழுபறி. மரக்கலம் என்ற தமிழ்ச் சொல்லோடு ராயர் சேர்ந்து 'மரக்கலராயர்' ஆகி, பிறகு தேய்ந்தது என்பது ஒரு கட்சி. கலத்தைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. எனக்கு முதலாவதே சரியாகப் படுகிறது. இலங்கை முஸ்லிம்களைச் சிங்களர் 'மரக்கல' என்றே அழைத்தார்கள். அது அப்படியே நம் மரக்கலம்.

இப்பட்டம் தாங்கிய சமூகம், வணிகத்துக்கு வந்த அரபியரும் கரையோரத் தமிழரும் மணவுறவில் கலந்து உருவானது. மெக்சிகோவிலும் ஸ்பானியரும் மண்ணின் மக்களும் கலந்தார்கள். பிறந்தவர்களுக்கு 'மெஸ்டிசோ', அதாவது கலப்பினத்தார், என்று பெயர் வைத்தது ஸ்பானிய ஆட்சி. அங்கே பெயர் பிறப்பைப் பார்த்தது. இங்கே தொழிலைப் பார்த்தது. அங்கே நடந்தது படையெடுப்பு, இங்கே வியாபாரம்; வேறுபாடு அதனால்தான் இருக்கவேண்டும்.

இலங்கையில் மரிக்கார், மலபாரில் மரக்கார் என இதே சொல் உருமாறும். போர்ச்சுக்கீசியரைக் கடலில் எதிர்த்த குஞ்ஞாலி மரக்கார்கள் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள். கடைசிக் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். சேதுநாட்டில் இப்பட்டம் தாங்கியவர்களில் புகழ்பெற்றவர், அந்நாட்டு மன்னர் கிழவன் சேதுபதிக்கு நெருக்கமாயிருந்த கீழக்கரை வள்ளல் சீதக்காதி. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவளித்தவரும் அவரே.