லேபிள் வெட்டின சட்டை

போன மாதம் ஹொஸ்டலில் ஒரு சின்னச் சண்டை. புறக்கோட்டையில் நான் வாங்கின பிளவுஸைப் பார்த்துவிட்டு றூம்மேட், "வடிவா இருக்கடி, என்ன பிராண்ட்?" என்று கேட்டாள். கொலருக்குள் பார்த்தால் லேபிளைப் பாதியோடு வெட்டியிருந்தார்கள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்பென்றால் அப்படித்தான் கடைக்கு வரும். "அப்ப சும்மா சட்டைதான்" என்றாள். ஒரு நிமிசத்துக்கு முன்னம் வடிவாயிருந்த அதே துணி, அதே தையல்!

எனக்கு அது மண்டைக்குள்ளேயே நின்றது. பெரிய வடிவமைப்பாளர்கள் மலிவு விலைக் கடைகளோடு கூட்டுச் சேர்ந்த வரலாற்றைத் தேடி வாசித்ததும் அதனால்தான்.

முதலில் ஹோல்ஸ்டனின் கதை. 1961இல் ஜோன் எஃப். கென்னடி பதவியேற்ற நாளில் ஜாக்குலின் கென்னடி போட்டிருந்த தொப்பி இவர் செய்தது. அப்போது அவருக்கு நியூயோர்க்கின் பேர்க்டோர்ஃப் குட்மன் என்ற பணக்காரக் கடையில் வேலை. 1970களில் அவருடைய உடுப்பு என்றாலே ஒரு அந்தஸ்து. 1983இல் அவர் ஜே. சி. பென்னிக்காக 'ஹோல்ஸ்டன் III' என்ற மலிவு வரிசையைக் கொண்டுவந்தார். பென்னி, சாதாரண அமெரிக்கக் குடும்பங்கள் போகிற கடைத்தொடர். அமெரிக்கர்கள் எல்லாருக்கும் உடுப்புச் செய்யவேணும் என்பது அவருடைய ஆசை. ஆனால் அவர் தொப்பி செய்த அதே பேர்க்டோர்ஃப் குட்மன், அவருடைய உடுப்புகளை விற்பதை நிறுத்திவிட்டது. பென்னியில் தொங்கும் பெயர் தங்கட கடையில் தொங்கக்கூடாதாம்.

இன்னொன்றும் நடந்தது. 1973இலேயே தன் நிறுவனத்தையும் பெயரையும் அவர் நோர்ட்டன் சைமன் கம்பனிக்கு விற்றிருந்தார். பிறகு அந்த நிறுவனம் பல கைகள் மாறியது. கடைசியில், ஹோல்ஸ்டன் என்ற பெயரில் உடுப்பு வடிவமைக்க ஹோல்ஸ்டனுக்கே உரிமை இருக்கவில்லை. 1990இல் அவர் இறந்துபோனார்.

இருபது வருசத்துக்குப் பிறகு அதே யோசனை வேறு மாதிரி வந்தது. 2004 நவம்பர் 12ஆம் திகதி சுவீடன் நிறுவனமான எச் அன்ட் எம், ஷனெலின் வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் செய்த உடுப்புகளை விற்பனைக்கு வைத்தது. பல நகரங்களில் சில மணித்தியாலங்களிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இந்த முறை பெயர் கெட்டுப்போகவில்லை. ஏன்? கொஞ்சமாகத்தான் செய்தார்கள், கொஞ்ச நாள்தான் விற்றார்கள். விலையைக் குறைத்தார்கள், ஆனால் கிடைப்பதைக் கஷ்டமாக்கினார்கள். பென்னி விட்ட பிழையை இவர்கள் விடவில்லை.

இதில் கவலைப்பட்டவர் லாகர்ஃபெல்டேதான். எல்லாருக்கும் என்று சொல்லிவிட்டு இவ்வளவு குறைவாகச் செய்ததைப் பற்றிக் குறைப்பட்டார். அதே மூச்சில், மெலிந்தவர்களுக்காக வடிவமைத்ததைப் பெரிய அளவுகளிலும் தைத்துவிட்டார்கள் என்றும் குறைப்பட்டார். 'எல்லாரும்' என்பதற்குள் யார் யார் என்று அப்போதே விளங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு வரிசை நீண்டது. 2005இல் ஸ்டெல்லா மெக்கார்ட்னி, 2008இல் கொம் தெ கார்சோன், 2011இல் வெர்சாச்சே, 2015இல் பல்மான். 2011இல் அமெரிக்காவின் டார்கெட் கடை மிசோனியின் உடுப்புகளை விற்றபோது கூட்டம் தாங்காமல் அதன் இணையத்தளமே விழுந்தது. வாங்கினவர்களில் பலர் உடனே இணையத்தில் கூடின விலைக்கு விற்றார்கள்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் எழுதின 'டிஸ்டிங்ஷன்' என்ற நூலில், ரசனை பிறவியில் வருவதில்லை, வர்க்கத்தோடு வருகிறது என்று வாதிட்டார். மேலே இருப்பவர்களின் ரசனைக்குக் கீழே இருப்பவர்களிடமிருந்து ஒரு தூரம் தேவை. ஹோல்ஸ்டன் அந்தத் தூரத்தை இல்லாமல் செய்யப் பார்த்தார், அடி விழுந்தது. எச் அன்ட் எம் அந்தத் தூரத்தையே கொஞ்ச நேரத்துக்கு வாடகைக்கு விட்டது, காசு வந்தது.

மூன்றாவது கதை எங்களுக்குக் கிட்ட. 2021 ஓகஸ்டில் இந்தியாவின் சப்யசாச்சி முகர்ஜி எச் அன்ட் எம்மோடு சேர்ந்தார். கலியாண லெஹங்காக்களுக்குப் பேர்போன ஆள். இணையத்தில் நிமிசக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது. ஆனால் இந்தியாவின் கைவினை அமைப்புகள் சேர்ந்து அவருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின. ராஜஸ்தானின் சங்கானேரில் மர அச்சால் துணியில் கையால் பதிக்கும் பூ வேலைப்பாடு பேர்போனது, புவிசார் குறியீடும் பெற்றது. அந்தச் சாயலை டிஜிட்டலில் அச்சடித்து விற்றால் அச்சுக்காரருக்கு என்ன மிச்சம் என்பதே கேள்வி. இந்திய வடிவமைப்பை உலக வரைபடத்தில் வைக்கத்தான் செய்ததாக அவர் பதில் சொன்னார். அந்த வரைபடத்தில் சங்கானேர் எங்கே என்று நான் தேடினேன்.

இந்தக் கூட்டுகளைச் சும்மா ஏமாற்று என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. நல்ல வெட்டுள்ள ஒரு சட்டை போட ஆசைப்படுவது பணக்காரருக்கு மட்டும் எழுதிவைத்ததா? ஹோல்ஸ்டனின் ஆசை பிழையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி வந்தது பெயர் மட்டும்தான். செய்கிற கைக்கு அந்தப் பெயரில் இடம் கிடைக்கவில்லை.

1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலத்திலிருந்து எங்கட நாட்டுப் பெண்பிள்ளைகள் உலகத்துக்குத் தைக்கிறார்கள். யுத்தம் முடிந்தபிறகு வன்னியிலும் தொழிற்சாலைகள் வந்தன. என்னோடு ஏ.எல். படித்த இரண்டு பேர் இப்போது காலமை பஸ் பிடித்துத் தைக்கப் போகிறார்கள்.

அந்தப் பிளவுஸைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பிராண்டின் பெயரை வடிவாக வெட்டியெடுத்திருந்தார்கள். மிஞ்சியிருந்த துண்டில் 'மேட் இன் ஸ்ரீலங்கா' என்று இருந்தது. அதை வெட்ட ஒருவரும் மினக்கெடவில்லை.